பதினோராவது கள்ளன்

தூக்கம் வரவில்லை என்று யாரிடமாவது வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். தூக்கம் வராது, வைத்தியர்கள் வருவார்கள். கால்வலி என்றால் டாக்டரைப் பார் என்று சொல்கிறவர்கள்கூடத் தூக்கம் என்றதும் தாங்களே டாக்டர் ஆகிவிடுகிறார்கள். கேட்டால், அவர்கள் தினமும் தூங்குகிறார்களாம். அந்த அனுபவம் போதுமாம்.

முதல் வைத்தியர் என் வீட்டுக்காரர். வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்க வெந்துவிட்டு வருகிற மனிதர். தலையணையில் தலை பட்டதும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவார். தலை படுவதற்கு முன்பே தூங்கிவிட்டதையும் ஒருநாள் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரிடமே கேட்டேன்.

"எப்படிங்க உங்களுக்கு மட்டும் இப்படித் தூக்கம் வருது?"

"எதையும் நெனைக்காம படுக்கணும். அவ்ளோதான்."

"எதையும் நெனைக்காம இருக்கறது எப்படி?"

அவர் யோசித்தார். இருபத்தொரு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவர் இவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. "தெரியலையே. எனக்கு அது தானா வருது" என்றார். அதை நான் முழுமனதாக நம்பினேன்.

எனக்கு அப்படி வராது. கண்ணை மூடினால் பாட்டில் வரும். நான் வேலை பார்ப்பது கண்ணில் விடுகிற சொட்டு மருந்து தயாரிக்கும் சிறிய தொழிற்சாலையில். மருந்து நிரப்பி மூடி போட்ட சின்னக் கண்ணாடி பாட்டில்கள் தட்டுத் தட்டாக என் மேசைக்கு வரும். ஒவ்வொன்றையும் எடுத்து, விளக்குக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுழற்றி, தலைகீழாகத் திருப்பி, கறுப்புப் பலகைக்கு எதிரே ஐந்து விநாடி, வெள்ளைப் பலகைக்கு எதிரே ஐந்து விநாடி பார்க்க வேண்டும். கறுப்பில் வெள்ளைத் தூசி தெரியும். வெள்ளையில் கறுப்புத் தூசி தெரியும். உள்ளே ஒரு நூலிழையோ கண்ணாடிச் செதிலோ மிதந்தால் சிவப்புத் தட்டில் வைத்துவிட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்களே, அதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒன்பது வருஷமாக மூன்றாம் மேசை என்னுடையது. அங்கே எனக்குப் பெயர் கழுகு.

வருஷத் தொடக்கத்தில், நாளைக்கு இரண்டாயிரம் பாட்டில் என்றிருந்ததை மூவாயிரம் ஆக்கினார்கள். விதிப்படி ஒரு பாட்டிலுக்குப் பத்து விநாடி. மூவாயிரத்தை முடிக்க வேண்டுமென்றால் எட்டு விநாடிகூடத் தேறாது. விதியை எழுதியவரும் எண்ணிக்கையை முடிவு செய்தவரும் ஒரே மாடியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகும் என் கண்ணுக்குள் பாட்டில் ஓட ஆரம்பித்தது. படுத்துக் கண்ணை மூடினால் இமைக்குப் பின்னால் வரிசையாகச் சுழலும். விடியற்காலையில் ஒரு கோழித் தூக்கம். எழுந்தால் கண் இரண்டும் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் எரியும். அந்தக் கண்ணோடுதான் போய் ஊர்க் கண்ணுக்கெல்லாம் காவல் இருந்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. நூறு பாட்டில் வைப்பார்கள். அதில் பத்துப் பாட்டிலுக்குள் வேண்டுமென்றே தூசியோ இழையோ போட்டிருப்பார்கள். அந்தப் பத்துக்கும் எங்கள் பிரிவில் கள்ளன் என்று பெயர். ஒன்பது கள்ளனையாவது பிடிக்க வேண்டும். நல்ல பாட்டில் ஒன்றைக்கூடக் கள்ளன் என்று தள்ளக் கூடாது. ஒன்பது வருஷத்தில் நான் பத்துக்குக் குறைந்ததில்லை. இந்தத் தடவை ஆறு பிடித்தேன்.

முப்பது நாளில் மறுபரீட்சை. அதிலும் தவறினால் பெட்டி கட்டும் பிரிவு. அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை, சம்பளம்தான் மூன்றில் ஒரு பங்கு குறைவு. என் மகளின் கல்லூரிக் கட்டணம் சரியாக அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் உட்கார்ந்திருந்தது. ஆக, முப்பது நாளைக்குள் நான் தூங்கியாக வேண்டும். கட்டாயம் தூங்கியாக வேண்டும் என்று படுத்தால் எப்படித் தூக்கம் வரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போனேன். ஒரு நாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு மூன்று நிமிஷம் பார்த்தார். "டென்ஷனைக் குறைங்க" என்றார். எதிரே இருந்த மருந்துக் கடையில் அவர் எழுதிய மாத்திரையின் விலையைக் கேட்டதும் டென்ஷன் கூடியது. வாங்கினாலும் பயனில்லை. தூக்க மாத்திரை போடுகிறவர்கள் பாட்டில் பார்க்கும் மேசையில் உட்காரக் கூடாது என்று எங்கள் தொழிற்சாலையில் விதி இருக்கிறது. தூக்கமே இல்லாதவர்கள் உட்காரக் கூடாது என்று விதி இல்லை.

அடுத்து என் நாத்தனார் வந்தாள். அவள் பொல்லாதவள் இல்லை. நல்லவள்தான், ஆனால் எதையாவது விற்றுக்கொண்டே இருப்பாள். இந்த வருஷம் காந்தத் தலையணை.

"அண்ணி, இதுல பன்னெண்டு காந்தம் இருக்கு. ரத்தத்தை மூளைக்கு இழுக்கும்."

"இழுத்தா முழிப்புத்தானே வரும்?"

"மொதல்ல இழுக்கும், அப்புறம் விட்டுடும். மாசா மாசம் குடுத்தாப் போதும் அண்ணி. நீங்க இன்னும் ரெண்டு பேரைச் சேத்துவிட்டா உங்களுக்குத் தலையணையே இனாம்."

"நீ தூங்கறியா இதுல?"

"எனக்கு எங்க அண்ணி தூக்கம்? இந்த மாசம் இன்னும் நாலு பேரைச் சேக்கணும்" என்றாள். பாவம், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

தலையணை வேண்டாம் என்றதும் மகள் என் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். மழைச் சத்தம். முதல் ஏழு நாள் இலவசம். ஆறு நாள் மழையைக் கேட்டு, துணி காய்கிறதா நனைகிறதா என்ற கவலையிலேயே கிடந்தேன். ஏழாம் நாள்தான் கண் கொஞ்சம் செருகியது. பன்னிரண்டு அடித்ததும் மழை சட்டென்று நின்று, ஒரு பெண் உற்சாகமான குரலில், நிம்மதியாகத் தூங்க உடனே பணம் கட்டுங்கள் என்றாள். தூக்கிவாரிப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

காசே வாங்காமல் யோசனை சொன்னது ஒரே ஒருத்தி, எங்கள் தொழிற்சாலை முதலுதவி அறையின் நர்ஸ். "மத்தியானத்துக்கு மேல டீ குடிக்காதீங்கக்கா. எப்பப் படுத்தாலும் காலைல ஒரே நேரத்துக்கு எந்திரிங்க. போனைப் படுக்கைக்குக் கொண்டு போகாதீங்க. தூக்கம் வரலைன்னா உருண்டுக்கிட்டே கெடக்காம எந்திரிச்சு உக்காருங்க, மெல்லிசா ஏதாவது கேளுங்க. வந்தாப் படுங்க" என்றாள். "அவ்ளோதானா? மருந்து?" என்றேன். "அவ்ளோதான்." எனக்கு ஏமாற்றமாக இருந்தது. செலவில்லாத வழி வேண்டும் என்று ஊரெல்லாம் தேடுகிறவளுக்கு, அது கையில் கிடைத்ததும் மட்டமாகத் தெரிந்தது. அதில் பாதியைத்தான் செய்தேன்.

மீதிப் பாதி சனிக்கிழமை வகுப்பில் கிடைத்தது. எங்கள் தர மேலாளரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்குள் அவர் பெயர் சுற்றறிக்கை. எதற்கெடுத்தாலும் ஒன்று எழுதி ஒட்டிவிடுவார். பாட்டில் சோதிக்கும் முறை பற்றி அறுபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறார். அதைத்தான் சனிக்கிழமைதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு வாசிப்பார். பத்தொன்பது வருஷமாக வாசிக்கிறார். அந்தக் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. முற்றுப்புள்ளி வந்தாலும் நிற்காமல் அதன் மேலேயே நடந்து போகும். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது எங்கள் பிரிவுக்குக் கைவந்த கலை.

அந்தச் சனிக்கிழமை நான் கண்ணை மூடிவிட்டேன். நாலாம் மேசைக்காரி விலாவில் இடித்து எழுப்பினாள்.

"அக்கா, குறட்டை!"

"எவ்ளோ நேரமா?"

"முக்கால் மணி நேரம் இருக்கும். சார் உங்களைப் பாத்துக்கிட்டேதான் வாசிச்சாரு. கண்ண மூடி ரசிக்கறீங்கன்னு நெனைச்சிருப்பாரு."

முக்கால் மணி நேரம்! இரண்டு மாதத்தில் அவ்வளவு நீளமாக நான் தூங்கியதில்லை. ஒரு பாட்டில்கூடக் கனவில் வரவில்லை. இந்தக் குரல் வாரத்துக்கு ஒருநாள்தானே கிடைக்கும் என்று வருத்தப்பட்டபோதுதான் ஞாபகம் வந்தது. வகுப்பு நடந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று தணிக்கைக்காரர்கள் கேட்பதால், சுற்றறிக்கை ஒவ்வொரு வகுப்பையும் ஒலிப்பதிவு செய்து வைக்கிறார். தணிக்கைக்காரர்கள் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவர் அறைக்குப் போனேன்.

"சார், உங்க வகுப்போட பதிவு கெடைக்குமா? வீட்டுல போட்டுக் கேக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு?"

"மறுபரீட்சை வருதே சார். அதுக்கு இது ரொம்ப உதவும்னு தோணுது."

பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "பத்தொம்பது வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லம்மா" என்றார். குரல் முதல் தடவையாக ஏறி இறங்கியது. எனக்கு உறுத்தியது. பதிவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போனைக் கூடத்தில் வைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன். முதல் பிரிவு நோக்கம். இரண்டாம் பிரிவு பொறுப்புகள். மூன்றாம் பிரிவு சொற்களுக்கு விளக்கம். நாலு புள்ளி மூன்று, கை கழுவும் முறை. விரல்களின் இடைவெளிகளைத் தனித்தனியே தேய்த்து, பின்னர் இடது கட்டைவிரலை வலது உள்ளங்கையால் பற்றி... அவ்வளவுதான். காலையில் மகள் எழுப்பினாள். மறுநாளும் இடது கட்டைவிரல். அதற்கு மறுநாளும் அதே. வலது கட்டைவிரல் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

இந்த மாதிரி விஷயம் ஒளித்து வைத்தால் நிற்குமா? என் முகம் தெளிந்ததைப் பார்த்து நாலாம் மேசைக்காரி வாயைக் கிளறினாள். சொல்லிவிட்டேன். அவள் போய்ப் பதிவு கேட்டாள். பிறகு இரண்டாம் மேசை, ஏழாம் மேசை, ஸ்டோரில் இருப்பவர், காவலாளியின் மாமியார் என்று பத்து நாளில் முப்பது பேருக்கு மேல் கேட்டு வாங்கிவிட்டார்கள். நாத்தனாருக்கும் ஒன்று கொடுத்தேன். "இதை எவ்ளோக்கு விக்கலாம் அண்ணி?" என்றாள். கேட்டுப் பார் முதலில் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்து, விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே பெரிய மருத்துவ அதிசயம்.

சுற்றறிக்கைக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு வர ஆரம்பித்தார். தணிக்கைக் கூட்டத்தில் முதலாளியிடம், ஊழியர்களே கேட்டு வாங்கி வீட்டில் கையேட்டைக் கேட்கிறார்கள் என்று சொன்னாராம். முதலாளி அதை அறிவிப்புப் பலகையில் போட்டார். ஒருநாள் சுற்றறிக்கை எங்கள் பிரிவுக்கே வந்து, "இவ்ளோ ஆர்வமா கேக்கறீங்க. நான் இன்னும் கொஞ்சம் விறுவிறுப்பா, எடையெடையில இசையெல்லாம் சேத்துப் புதுசாப் பதிவு பண்ணலாம்னு இருக்கேன்" என்றார்.

எல்லோரும் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தோம்.

"வேணாம் சார்!" என்று ஏழு பேர் ஒரே குரலில் கத்தினோம்.

"இதுதான் சார் எங்களுக்குப் பழகியிருக்கு" என்றாள் நாலாம் மேசைக்காரி. "ஒரு எழுத்தைக்கூட மாத்திடாதீங்க சார். உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

அவர் கண் கலங்கியபடியே போனார். அவரை நாங்கள் ஏமாற்றுகிறோமா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் அதைப் பற்றி யோசிக்கலாம் என்று படுத்தால், இடது கட்டைவிரலோடு தூங்கிவிடுகிறேனே, என்ன செய்ய?

முப்பதாம் நாள் பரீட்சை. அவர் அறையிலேயே விளக்கும் பலகைகளும் வைத்து, நூறு பாட்டிலை அடுக்கியிருந்தார். பத்துக் கள்ளன் அவரே தயார் செய்தது. மற்ற தொண்ணூறும், விற்பனைக்குப் போன ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சாட்சிக்காக எடுத்து வைக்கும் நல்ல பாட்டில்கள். உட்கார்ந்து முதல் பாட்டிலைச் சுழற்றியதுமே தெரிந்துவிட்டது, கழுகு திரும்பி வந்துவிட்டது என்று. கண் கண்ணாடிபோல் இருந்தது. எழுபது பாட்டிலுக்குள் எட்டுக் கள்ளன். தொண்ணூறு தாண்டும்போது பத்தும் சிவப்புத் தட்டில். மனசுக்குள் மகளின் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீது வாங்கி மடித்து வைத்தாயிற்று.

தொண்ணூற்று நாலாவது பாட்டிலைத் திருப்பினேன். கழுத்துப் பக்கம் ஏதோ மின்னி மறைந்தது. மறுபடி திருப்பினேன். கண்ணாடிச் செதில். ஊசி முனையில் பாதிகூட இருக்காது. சிவப்புத் தட்டில் வைத்துவிட்டு மீதியை முடித்தேன்.

அவர் தன் தாளோடு சரிபார்த்தார். "பத்துக்குப் பத்து! பிரமாதம். இது மட்டும் ஏன் இங்க இருக்கு?"

"அதுவும் கள்ளன் சார்."

"நான் பத்துதாம்மா வெச்சேன்."

"பதினொண்ணு இருக்கு சார்."

வாங்கி விளக்குக்கு முன்னால் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். மெதுவாகத் திருப்பச் சொன்னேன். கழுத்துப் பக்கம் பார்க்கச் சொன்னேன். திருப்பினார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு நொடி மூச்சை நிறுத்தினார். பிறகு பாட்டிலின் அடியைப் பார்த்தார். எங்கள் பாட்டிலின் அடியில் தொகுதி எண்ணும், அதைப் பார்த்துத் தேர்ந்த மேசையின் எண்ணும் பொறித்திருக்கும். அறுபத்தொன்று, மூன்று. அதை நான் அவருக்கு முன்பே பார்த்துவிட்டேன்.

"இது நீ பாத்து விட்ட பாட்டில்" என்றார்.

"ஆமா சார். ரெண்டு மாசம் முன்னாடி. நான் தூங்காம வந்த நாளு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க பாரும்மா. இது கள்ளன்னு எழுதினா, தொகுதி முழுக்கத் திரும்ப வாங்கணும். உன் மேசை நம்பர் வெளிய வரும். என் கையெழுத்தும் வரும். எழுதலைன்னா நீ பத்துக்குப் பத்து. நல்ல தட்டுல வெச்சுடு. நானும் பாக்கல, நீயும் பாக்கல."

நான் உத்தமி என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. வைத்தேன். என் கையாலேயே எடுத்து நல்ல தட்டில் வைத்தேன். மகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால் கண் அதை விட்டு வரமாட்டேன் என்றது. எண்பத்தொன்பது நல்ல பாட்டிலுக்கு நடுவே அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷமாக இந்தக் கண்ணை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அது பார்த்ததை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இந்த மாதிரி வந்தா என்ன பண்ணணும்னு கையேட்டுல இருக்கா சார்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஒம்பதாம் பிரிவு. உனக்குத் தெரியாதா? தினம் கேக்கறியே."

இனி மறைத்துப் பயனில்லை. "சார், நான் நாலு புள்ளி மூணுக்கு மேல கேட்டதே இல்ல. தூங்கிடுவேன். தூங்கறதுக்குத்தான் கேட்டேன்."

"மத்தவங்க?"

"அவங்களும் அப்படித்தான் சார்."

அவர் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டைக்குள் மனிதர் சுருங்கிப் போனார். "எந்த எடத்துல?" என்று கேட்டார்.

"இடது கட்டைவிரல் சார்."

"எல்லாருமா?"

"நாலாம் மேசைக்காரியோட வீட்டுக்காரர் மட்டும் தலைப்புலயே சார்."

சிரிப்பாரா, என்னை வெளியே போகச் சொல்வாரா என்று புரியாமல் நின்றேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கையேட்டை எடுத்து ஐம்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். அதே குரலில் வாசித்தார். ஐயத்துக்குரிய பாட்டில் எதுவாயினும், எவர் சோதித்ததாயினும், அது தள்ளப்பட வேண்டியதே. அதன் தொகுதி முழுவதும் திரும்பப் பெறப்பட வேண்டும். ஏனெனில் அது ஒருவருடைய கண்.

எனக்குத் தூக்கம் வரவில்லை.

"நான்தான் எழுதினேன்" என்றார் அவர், யாரோ குற்றம் சாட்டியதுபோல. பிறகு நல்ல தட்டிலிருந்து அந்தப் பாட்டிலை அவரே எடுத்துச் சிவப்புத் தட்டில் வைத்து, பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடமும் பேனாவைக் கொடுத்தார்.

அடுத்த வாரம் எனக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தன. ஒன்று, மறுபரீட்சையில் முழுமையாகத் தேறியதற்குப் பாராட்டு. இன்னொன்று, அறுபத்தொன்றாம் தொகுதியில் கவனக்குறைவாக இருந்ததற்காகப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றம். இரண்டிலும் ஒரே தேதி, ஒரே முத்திரை. முதலாளி பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, தாமாகவே குறையைக் கண்டுபிடித்துத் தாமாகவே திரும்ப வாங்கும் நேர்மை தங்கள் நிறுவனத்தின் உயிர்மூச்சு என்றார். நாளைக்கு மூவாயிரம் என்பது மூவாயிரமாகவே இருந்தது. சுற்றறிக்கைக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை அலமாரியில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பதாக நாலாம் மேசைக்காரி சொன்னாள். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போகிறார். மகளின் கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டினோம்.

திரும்பி வந்த பாட்டில்களை மறுபடி பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அதற்குப் பரீட்சையில் புதிதாகத் தேறியவர் வேண்டும் என்று விதி. தேறிய சான்று என் கையில்தானே இருக்கிறது? பெட்டி கட்டும் சம்பளத்தில் என்னையே பார்க்கச் சொன்னார்கள். அந்தத் தொகுதியில் என் மேசை வழியாகப் போனவை இரண்டாயிரத்து அறுநூறு. திரும்பி வந்தவை ஆயிரத்துத் தொள்ளாயிரம். எண்ணிக்கை எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஒன்றுக்குப் பத்து விநாடி, சில சமயம் இருபது விநாடி என்று பார்த்தேன். நாலு கள்ளன் கிடைத்தான்.

வராதவை எழுநூறு. தீர்ந்து போய்க் குப்பைக்குப் போயிருக்கும், அல்லது எங்காவது அலமாரியில் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் நாலு என்றால் எழுநூற்றில் ஒன்றரை வருகிறது. அரையை விட்டுவிடலாம். அந்த ஒன்றை வாங்கியவர் நாற்காலியில் சாய்ந்து, அண்ணாந்து, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாட்டிலைக் கவிழ்த்திருப்பார். யாரோ பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்று நம்பியிருப்பார்.

"என்னக்கா, கண்ணு மறுபடி செவந்து கெடக்கு? தூக்கம் வரலையா?" என்று நாலாம் மேசைக்காரி பெட்டி கட்டும் பிரிவுக்கே வந்து கேட்டாள். அவளிடம் புதிதாக ஏதோ எண்ணெய் இருக்கிறதாம், விலையும் கம்மியாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நான் யாரிடமும் மருந்து கேட்கவில்லை.